மென்று குடிக்கும் சூப்

ஐந்தருவி ரோடு, குற்றாலம்
18.8.2024

தம்பி முத்துச்செல்வத்துக்கு அக்கா வள்ளித்தாய் எழுதுவது.

சுகம் விசாரிப்பதற்கு முன்னால் ஒரு தப்பை ஒத்துக்கொண்டுவிடுகிறேன். நீ உன் பொண்டாட்டி அனுசியாவுக்கு எழுதின கடிதத்தை நான் பிரித்துப் படித்துவிட்டேன். அவள் சுரண்டைக்கு வீடு மாறி மூன்று மாதம் ஆகிறது. நீ பழக்கத்தில் என் வீட்டு மாடி விலாசத்தையே போட்டிருக்கிறாய். தபால்காரர் என் கையில் கொடுத்தார். கை சும்மா இருக்குமா?

படித்த பிறகு திருப்பி ஒட்ட வேண்டுமே. கோந்து இல்லை. சோற்றுப் பருக்கை தேடினேன், உன் அத்தான் சட்டியை வழித்து வைத்திருந்தார். அவசரத்துக்கு என் சூப் கடைச் சட்டியில் மிச்சம் கிடந்த கிழங்கு சூப்பை விரலால் தொட்டுத் தடவினேன். அம்மாடி, என்னமாய் ஒட்டிக்கொண்டது! தபாலாபீஸ் கோந்து தோற்றது. அப்படியே சுரண்டைக்கு அனுப்பிவிட்டேன். அவளிடம் மூச்சு விடாதே.

'என் கண்ணு அனு' என்று ஆரம்பித்திருக்கிறாய். நாற்பத்தேழு வயசில் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுதுகிற பேச்சா இது? நான் நாலு தரம் படித்தேன்.

ஐந்தாவது தரம்தான் கீழே இருந்ததைப் படித்தேன். உனக்குச் சுகர். மூணு மாச சுகர் என்கிறார்களே, அது எட்டு புள்ளி ஒன்பது. பிப்ரவரியில் மெடிக்கல். ஏழுக்குள் வந்தால் எஸ்ஐ பட்டியலில் உன் பெயர் நிற்கும், கேரளாவில் பள்ளிபுரம் கேம்புக்கு மாற்றல் வரும். வராவிட்டால் இன்னும் மூன்று வருஷம் அதே சத்தீஸ்கர் காடு. 'அக்காவிடம் சொல்லாதே, தென்காசி முழுக்கச் சொல்லிவிடுவாள்' என்றும் எழுதியிருக்கிறாய். நான் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்துச் சிப்ஸ் கடை ஜெபமலரிடம் மட்டும் சொன்னேன்.

சோற்றை விட்டுவிட்டு கிழங்கு சூப் மட்டும் குடிக்கிறாயாமே. சூப் என் இலாகா. எப்படிக் குடிக்கிறாய், எவ்வளவு குடிக்கிறாய், ஒளிக்காமல் எழுது. பள்ளிபுரம் என்றால் செங்கோட்டையில் ரயிலேறி நான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன். அதுக்காகவாவது உன்னை ஏழுக்குள் தள்ளாமல் விடப்போவதில்லை.

இங்கே சாரல் நன்றாக அடிக்கிறது. எல்லோரும் சுகம். உன் சுகத்தைத்தான் நம்பருடன் எழுத வேண்டும்.

அக்கா
வள்ளித்தாய்

---

முகாம்
14.9.2024

அன்பான அக்காவுக்கு, முத்துச்செல்வம் வணக்கம். அத்தானுக்கும் சொல்லவும்.

கான்வாய் வந்தால்தான் தபால். அதனால் தாமதம். போன் டவர் போன மாதம் விழுந்தது விழுந்ததுதான். சேட்டிலைட் போனில் பதினைந்து நாளைக்கு ஒரு தரம் மூன்று நிமிஷம் தருகிறார்கள். அதில் அனு ஒரு நிமிஷம் சிரித்தாள். கவரை வாங்கினதுமே பூண்டு வாசம் அடித்ததாம். மிளகு ஒன்றும் ஒட்டியிருந்ததாம்.

சரி, தெரிந்துவிட்டது. ஒளிக்கவில்லை, எழுதுகிறேன். எங்கள் மெஸ் சமையல்காரர் கௌரிசங்கர் பீகார்க்காரர். உருளைக்கிழங்கு இல்லாமல் அவருக்கு டீகூடப் போட வராது. கிழங்கை மசிய வேகவைத்துக் கடைந்து, மைதா கரைத்து ஊற்றி, வழுவழு என்று சூப் வைப்பார். நான் சோறு தொடுவதில்லை. இரண்டு சப்பாத்தி, அதோடு சூப் இரண்டு மக். பசித்தால் நடுவில் இன்னொரு மக். அது தண்ணீர்தானே என்று நினைத்தேன். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன். ஆனாலும் போன வாரம் சாப்பிட்ட பின் பார்த்தால் 262.

மழையில் எட்டு மணி நேரம் நடந்து திரும்பினால் அந்த மக் ஒன்றுதான் எனக்குச் சந்தோஷம். விடத்தான் வேண்டும் என்றால் விட்டுவிடுகிறேன். அதைச் சொல்லும்போது கொஞ்சம் மெதுவாகச் சொல்லு.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி
முத்துச்செல்வம்

---

குற்றாலம்
29.9.2024

என் தண்ணீர் தம்பிக்கு,

அக்கா ஆசீர்வாதம். அத்தானுக்கு முட்டி வலி தவிர சுகம்.

ஏலே, கவரை ஒட்டுகிற சாமான் தண்ணீரா? நீ சோற்றை விட்டாயே தவிர சோறு உன்னை விடவில்லை. மக்கில் ஏறி உட்கார்ந்து வந்திருக்கிறது. உன்னைச் சொல்லி என்ன, நானும் பதினோரு வருஷமாய் அதையேதான் விற்கிறேன். சேனை, மரச்சீனி, உருளை எல்லாவற்றையும் கடைந்து, கெட்டியாய் இருக்கட்டும் என்று கான்ஃபிளவர் மாவும் கரைத்து ஊற்றி. ஜனங்கள் குடித்துவிட்டு 'லேசா இருக்கு' என்று நேராகப் புரோட்டா கடைக்குப் போகிறார்கள்.

நீ விட வேண்டாம். அந்தப் பேச்சே கிடையாது. நான் தென்காசி போய் ஒரு சுகர் மெஷின் வாங்கிவிட்டேன்! ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினவள் இப்போது நோட்டுப் போட்டு எழுதுகிறேன். விரலில் குத்துவதற்கு ஆள் வேண்டுமே. ஜெபமலருக்கும் சுகர் இருக்கிறது. வெளியே சொல்லாதே. அவள் சம்மதித்துவிட்டாள்.

கடைந்து மாவு போட்ட சூப், பெரிய தம்ளர். இரண்டு மணி நேரம் கழித்து 241. மறுநாள் அதே கிழங்கு, மாவு இல்லை, கடையவும் இல்லை. நெல்லிக்காய் அளவுக்குத் துண்டு. பாசிப்பயறு ஒரு கை, முருங்கைக்கீரை இரண்டு கை, கிழங்கு அரைக் கை. சின்ன தம்ளர். 183! மூன்றாம் நாள் அதையே குடித்துவிட்டு அருவி வரைக்கும் ஒரு நடை. 161! ஏலே செல்வம், 161! ரோட்டில் நின்று கத்தினேன். அருவியில் யாரோ வழுக்கிவிட்டார்கள் என்று நாலு பேர் ஓடி வந்தார்கள்.

கடையிலும் இதையே வைத்துப் பார்த்தேன். பாவூர்சத்திரம் சந்தையிலிருந்து காய் ஏற்றி வரும் டெம்போ டிரைவர் ஒரு வாய் வைத்துவிட்டுப் பார்த்தார்.

"என்னக்கா இது, குடிக்கவா, திங்கவா?"

"மென்னு குடிங்க அண்ணாச்சி. பல்லு சும்மாத்தான இருக்கு?"

"மெல்லுதுக்கா சூப்புக் கடைக்கு வாரேன்?"

"பொறவு எதுக்கு வாரிய? என் மூஞ்சியப் பாக்கவா?"

அவர் மென்றார். அடுத்த நாளும் வந்து மென்றார்.

உன் பீகார்க்காரரிடம் சொல்லு. மைதா கூடாது. கடையக் கூடாது. கிழங்கு பாதியாகட்டும், மீதி இடத்தில் பருப்பும் கீரையும். ஒரு மக், அதுவும் அரைதான். சூப் குடிக்கிற வேளையில் சப்பாத்தி ஒன்று போதும். குடித்ததும் படுக்காமல் நட. மாத்திரையைத் தொட்டும் குறைக்காதே, அது டாக்டர் இலாகா.

கண்ணு அனுவுக்கும் நகல் அனுப்பியிருக்கிறேன்.

உன் சூப் இலாகா
வள்ளித்தாய்

---

முகாம்
20.10.2024

அக்காவுக்கு வணக்கம். எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

கௌரிசங்கரிடம் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "இருபது வருஷமாக உருளைக்கிழங்கைக் கடைகிறேன், ஒருத்தனும் செத்ததில்லை" என்று இந்தியில் சத்தம். பிறகு நான் உன் கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். சூப்பால் கவர் ஒட்டினாய் என்ற இடத்தில் சிரிக்க ஆரம்பித்தார். இப்போது எனக்குத் தனியாக ஒரு சின்னப் பாத்திரம். மசூர் பருப்பு, பாலக் கீரை, நாலே துண்டு கிழங்கு. முதல் நாள் நாலு துண்டையும் எண்ணி எண்ணித் தின்றேன். வெட்கமாக இருந்தது. ஆனால் ருசி.

முதல் வாரம் 204. நேற்று 176.

ஒன்று கேட்கிறேன். வேகவைத்த கிழங்கை ஆறவைத்து மறுபடி சுடவைத்தால் சுகர் குறைவாக ஏறும் என்று எங்கள் மருந்தாளர் சொல்கிறார். ஜெபமலர் அக்காவுக்குப் பார்த்துச் சொல்ல முடியுமா? அவர்களுக்கு எப்போதிலிருந்து சுகர்? போன லீவில் நான் வந்தபோது ஒரு தட்டு லட்டு தின்றார்களே.

தம்பி
முத்துச்செல்வம்

---

குற்றாலம்
3.11.2024

சிரஞ்சீவி தம்பிக்கு, தீபாவளி கழிந்த ஆசீர்வாதம்.

176! நோட்டில் சிவப்புப் பேனாவால் எழுதிவைத்தேன். அத்தான் என்ன கணக்கு என்று கேட்டார். "ஒங்க மச்சான் பரீட்சை எழுதுதான்" என்றேன்.

இங்கே ஆறு நாளாகக் கை ஒடிந்த மாதிரி இருந்தது. ஜெபமலர் வேளாங்கண்ணிக்குப் போய்விட்டாள். 27ஆம் தேதி போனவள் நேற்றுத்தான் வந்தாள். சிப்ஸ் கடை பூட்டிக் கிடந்ததால் குரங்கெல்லாம் என் கடையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. எனக்கும் சண்டை போட ஆள் இல்லை.

நீ கேட்டதைப் பார்த்துவிட்டேன். 28ஆம் தேதி, மரச்சீனி சுடச்சுட: 179. 29ஆம் தேதி, அதே மரச்சீனி, முந்தின நாள் வேகவைத்து ஆறவைத்து மறுபடி சூடாக்கினது: 168. உங்கள் மருந்தாளர் சொன்னது கொஞ்சம் சரிதான், கொஞ்சம்தான். அதை நம்பி ஒரு தம்ளர் கூடக் குடித்துவிடாதே. 31ஆம் தேதி தீபாவளி, இரண்டு அதிரசம்: 227. அதைப் பற்றி நாம் பேச வேண்டாம்.

லட்டு தின்றது அவள் தம்பி கல்யாண லட்டு. அதை எல்லாம் ஞாபகம் வைத்திருக்கிறாயே, சுட்ட குண்டைக் கணக்கு வைத்திருக்கிறாயா?

கடையில் ஐயப்பமார் கூட்டம் வரப்போகிறது. சின்ன தம்ளர் நூறு வாங்கியிருக்கிறேன்.

வள்ளித்தாய்

---

முகாம்
21.11.2024

அக்கா,

நான் சுகம்.

27ஆம் தேதியிலிருந்து 2ஆம் தேதி வரைக்கும் ஜெபமலர் அக்கா வேளாங்கண்ணியில். 28, 29, 31 குற்றாலத்தில் விரல் குத்தியது யாருக்கு?

நான் பதினெட்டு வருஷம் ரோந்து போனவன். காலடித் தடம் பார்த்து ஆள் எண்ணிக்கை சொல்லுவேன். என்னிடம் தேதி போட்டு எழுதுகிறாய்.

நோட்டு முழுக்க உன் ரத்தம்தான் இல்லையா? 241 உன்னுடையது. அதிரசம் உன்னுடையது. மாத்திரை கிடையாது, டாக்டர் கிடையாது, எனக்குப் புத்தி மட்டும் உண்டு.

இன்று முதல் பழைய மக். கடைந்தது, மைதா போட்டது, இரண்டு மக். நீ தென்காசி பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன சீட்டு என் கைக்கு வரும்வரை அதுதான். பிப்ரவரி வந்தால் வரட்டும். பள்ளிபுரம் போனால் போகட்டும்.

முத்துச்செல்வம்

---

முகாம்
8.12.2024

அக்காவுக்கு,

பதில் இல்லை. கான்வாய் இரண்டு தரம் வந்துவிட்டது. மக் பெரிதாகத்தான் இருக்கிறது. நேற்று 231.

முத்து

---

குற்றாலம்
22.12.2024

ஏலே கிறுக்கா,

மக்கைக் கீழே வை. முதலில் கீழே வை, பிறகு படி.

சீட்டு உள்ளே இருக்கிறது. சீல் குத்தியிருக்கிறதா பார்த்துக்கொள், நீ சந்தேகப்படுகிற ஆள்.

ஜூலையில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் இலவச சுகர் முகாம் போட்டிருந்தார்கள். இரண்டு தம்ளர் சூப் குடித்துவிட்டுப் போய் "வெறும் வயிறு" என்று சொன்னேன். 312 காட்டியது. "ஒங்க மெஷினுக்குத்தான் நோவு" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன். ஒரு செருப்பு அங்கேயே கிடந்தது. எடுக்கப் போகவில்லை.

சூப் விற்கிறவளுக்கே சுகர் என்றால் எவன் குடிப்பான் என்று ஒரு பயம். அதைச் சொல்லித்தான் இத்தனை நாளும் என்னை ஏமாற்றிக்கொண்டேன். நிஜம் அது இல்லை. நம் அம்மைக்குச் சுகரில் கால் பெருவிரலை எடுத்த அன்றைக்கு நீ காஷ்மீரில் இருந்தாய். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான்தான் உட்கார்ந்திருந்தேன். அந்த மருந்து வாசம் வந்தாலே என் கால் வீட்டுப் பக்கம் திரும்பிவிடும். பழைய மக்குக்கே போய்விட்டேன் என்று நீ எழுதின பிறகும் இரண்டு தரம் தென்காசி பஸ் ஏறி, ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். கண்டக்டர் இரண்டு தரமும் ஒரே ஆள். "யாரையும் தேடுதியளாக்கா?" என்று கேட்டார்.

மூன்றாவது தரம் ஜெபமலர் கூட வந்தாள். வந்தாள் என்ன, இழுத்துக்கொண்டு போனாள். "ஏட்டி, எனக்குச் சுகருன்னு ஊரெல்லாம் கடுதாசி எழுதுதியே, ஒனக்கு வெக்கமா இல்ல?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி வைதாள். அனுசியா அவளுக்குப் போன் போட்டிருக்கிறாள். எல்லாரும் கூட்டு.

சுகர் பிரிவில் சஃப்ரின் என்று ஒரு நர்ஸ். நான் நோட்டை நீட்டினேன். ஒவ்வொரு பக்கமாய்ப் புரட்டினாள்.

"யாரும்மா இது எழுதுனது?"

"நாந்தான்."

"டாக்டரப் பாக்காம, மாத்திர போடாம, சூப்ப மட்டும் மாத்தி இவ்வளவு கொறச்சிருக்கீங்க. சந்தோஷம். ஆனா இன்னும் கூடத்தான் இருக்கு. மாத்திர வேணும்."

"மாத்திர போட்டா கிழங்கு திங்கலாமா?"

"இப்ப திங்குத மாதிரியே தின்னுங்க. கூட ஒரு துண்டு கேக்காதீங்க."

காலையும் தட்டிப் பார்த்தார்கள். பத்து விரலும் இருக்கிறது, உணர்ச்சியும் இருக்கிறது. மாத்திரை இரண்டு வேளை. வெளியே வந்து நின்றபோது ஜெபமலரைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவள் மேல் சிப்ஸ் எண்ணெய் வாசம் அடித்தது. அதை அவளிடமும் சொல்லிவிட்டேன்.

அத்தானிடமும் சொன்னேன். தனக்கு ஐப்பசியிலேயே தெரியும் என்கிறார், விரல் நுனியைப் பார்த்தாராம். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் இல்லையா இந்த மனுஷன்.

இப்போது உன் முறை. நாள் ஐம்பதுதான் இருக்கிறது. சிறுகிழங்கு வந்துவிட்டது! மண் வாசத்தோடு ஒரு கிலோ பார்சல் போட்டிருக்கிறேன். கத்தியால் சீவினால் விடியும். கோணிச் சாக்கை நனைத்து, உள்ளே போட்டுக் கட்டி, கல்லில் நாலு அடி அடித்து உருட்டச் சொல். தோல் தானாகக் கழன்றுவிடும். ஒரு வேளைக்கு ஆறு கிழங்கு. ஏழாவதைத் தொட்டால் எனக்குத் தெரியும்.

கோபமில்லாத அக்கா
வள்ளித்தாய்

---

முகாம்
17.1.2025

அன்பான அக்காவுக்கும் அத்தானுக்கும் பொங்கல் வாழ்த்து. இது கிடைக்கும்போது பொங்கல் மறந்திருக்கும்.

சீட்டு வந்தது. சீல் இருக்கிறது. பர்ஸில் வைத்திருக்கிறேன்.

நானும் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். பெரிய மக்கில் குடித்தேன் என்று எழுதினது நிஜம். உள்ளே இருந்தது வெந்நீர். 231 என் கற்பனை. அன்றைக்கு உண்மையில் 158. பொய் எழுத நீ மட்டும்தான் படித்தவளா?

பொங்கலன்று கௌரிசங்கர் சாக்கை எடுத்துப் பாறையில் அடித்தார். நாலு அடி என்றாய். அவர் நாற்பது அடித்தார். வாசலில் காவல் நின்றவன் துப்பாக்கியைத் தூக்கிவிட்டான். பாதிக் கிழங்கு கூழாகிவிட்டது. கூழ் எனக்கு ஆகாது என்று அவரே குடித்துவிட்டார். மிச்சத்தில் எனக்கு ஆறு. ஏழாவதைப் பார்த்தேன். தொடவில்லை.

பிப்ரவரி 12 ரத்தம் எடுக்கிறார்கள். முடிவு இரண்டு நாளில் தெரியும். ராஞ்சிக்காரன் ஒருவன் போன மாதம் ஏழு புள்ளி இரண்டில் தேறாமல் போய்விட்டான். அதனால் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. பேச முடிந்தால் அனுவிடம் சொல்கிறேன். அவள் உனக்குச் சொல்லுவாள்.

உன் நம்பரை எழுது. உன்னுடையது என்று போட்டு எழுது.

தம்பி
முத்துச்செல்வம்

---

ஐந்தருவி ரோடு, குற்றாலம்
17.2.2025

எஸ்ஐ முத்துச்செல்வம் அவர்களுக்கு!

சல்யூட். இன்னும் பட்டை தைக்கவில்லை என்று அனுசியா சொல்லுகிறாள். நான் தைத்தாயிற்று.

சனிக்கிழமை மத்தியானம் அவள் போன் போட்டாள். எடுத்ததும் அழுகைதான் வருகிறது. "எவ்வளவுட்டி? ஏழா? எட்டா? சொல்லித் தொலை" என்று கத்தினேன். "ஆறு புள்ளி எட்டு மதினி" என்றாள். ஆறு புள்ளி எட்டு! கரண்டியைத் தூக்கி எறிந்தேன், அது ஓடையில் போய் விழுந்தது. ஜெபமலர் எண்ணெய்ச் சட்டியை இறக்கிவைத்துவிட்டு ஓடி வந்தாள். நானும் அவளும் நடுரோட்டில் குதித்ததில் கேரளா வேன் ஒன்று நின்று வழி விட்டது.

பள்ளிபுரத்துக்கு ஏப்ரலில் வருகிறாயாமே. முதல் ஞாயிறு நான் வருவேன். சட்டியோடு வருவேன். 'என் கண்ணு அனு'வைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்துக் காட்டுவேன், எனக்கு மனப்பாடம்.

என் நம்பர் கேட்டாய். காலையில் வெறும் வயிற்றில் 121, சூப் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 154. வள்ளித்தாயுடையது. மூணு மாச சுகர் மார்ச்சில் பார்ப்பார்கள். சஃப்ரின் என்னைப் பார்த்தாலே நோட்டுக்குக் கை நீட்டுகிறாள். அத்தான் மாத்திரையை என் கையில் கொடுத்து, நான் விழுங்குகிறவரைக்கும் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கல்யாணம் ஆன புதுசில்கூட இப்படிப் பார்த்ததில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை கொண்டாடிவிட்டோம். வாசுதேவநல்லூரிலிருந்து இரண்டு வேன் நிறைய ஆள் வந்தார்கள். என் தம்பி எஸ்ஐ ஆகிறான், சூப் இன்றைக்கு எல்லாருக்கும் சும்மா என்று சொல்லிவிட்டேன். சேனை, சிறுகிழங்கு, பாசிப்பயறு, கீரை எல்லாம் சரியாகப் போட்டேன். உப்பும் போட்டேன். ஜெபமலரும் போட்டிருக்கிறாள். அவள் போட்டது தெரியாமல், நான் போட்டதும் மறந்து, நான் இன்னொரு தரம் போட்டிருக்கிறேன். நாற்பத்திரண்டு பேர் மென்று குடித்தார்கள். சும்மா கொடுத்தது என்பதால் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எதிர்க்கடையில் தண்ணீர் பாட்டில் விற்கும் கிதிர் முகம்மது அண்ணாச்சிக்குப் பன்னிரண்டு மணிக்குள் சரக்குத் தீர்ந்துவிட்டது. வருகிற ஞாயிற்றுக்கிழமையும் இதே பக்குவத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறார்.

அக்கா
வள்ளித்தாய்